மாட்டுக் கொட்டிலில் ஒரு டிராக்டர்

மாட்டுப் பொங்கல் கழிந்த மறுவாரம் மன்னார்குடியிலிருந்து ஒரு பழைய இரும்பு வியாபாரி நம் கிராமத்து வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். வாசலில் நின்ற நம்மை அவர் அதிகமாகக் கவனிக்கவில்லை. அவருடைய பார்வை நேரே கொல்லைப் பக்கத்துக் கொட்டிலுக்குப் போயிற்று. அங்கே வைக்கோல் பிரிகளுக்கும் உடைந்த வண்டிச் சக்கரத்துக்கும் நடுவில், ஒரு காலத்தில் சிவப்பு நிறமாயிருந்த டிராக்டர் ஒன்று நின்றுகொண்டிருந்தது. வியாபாரி அதை ஒரு முறை சுற்றி வந்தார். சக்கரத்தை ஓர் உதை உதைத்தார். மேல் தகட்டை விரலால் சுண்டிப் பார்த்தார். மாட்டுச் சந்தையில் தரகர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அதிலாவது ஒரு மரியாதை உண்டு!

"எடைக்குத்தான் எடுக்கலாம், சார். இது ஓடற வண்டியா?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு நமக்குப் பதில் தெரியவில்லை. நம் வீட்டில் சுமார் ஐம்பது வருஷமாக இருந்து, நமக்குச் சோறு போட்டு, நம்மைப் பட்டணத்துக்கு அனுப்பிப் படிக்க வைத்த யந்திரம் ஓடுமா, ஓடாதா என்று சொல்ல நமக்கு யோக்யதை இல்லாமற் போயிற்று. சொல்லக் கூடிய மனிதர் ஊரில் ஒருவர்தான் இருந்தார். அவரைக் கேட்டுச் சொல்கிறோம் என்று வியாபாரியை அனுப்பிவைத்தோம்.

மூன்று ஜோடி எருது

நம் குடும்பத்துக்கு இருந்த நிலம் இரண்டு வேலி. தஞ்சைச் சீமைக்கு வெளியே உள்ள நேயர்களுக்காகச் சொல்கிறோம்: ஒரு வேலி என்பது 20 மா, ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். அந்த நிலத்தை உழுவதற்கு மூன்று ஜோடி எருதுகளும், அவற்றின் பின்னால் நடப்பதற்கு மூன்று மனிதர்களும் இருந்தார்கள்.

எருதுகள் உம்பளச்சேரி ஜாதி. உருவத்தில் குட்டை, உடம்பு உருண்டு திரண்டு உறுதியாயிருக்கும். முழங்கால் சேற்றில் நாள் முழுவதும் நடப்பதற்கென்றே பிறந்தவை. கன்றாயிருக்கும்போதே கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கம் உண்டாகையால் 'மொட்டை மாடு' என்றே ஜனங்கள் சொல்வார்கள். பிறக்கும்போது செந்நிறமாயிருக்கும் கன்று வளர வளரச் சாம்பல் நிறமாக மாறுவதைச் சிறு வயதில் நாம் பெரிய ஜால வித்தையாக எண்ணி வியந்ததுண்டு.

கோழி கூவுவதற்கு முன் ஏர் கட்டுவார்கள். நுகத்தடி பூட்டும் ஓசையும், "ஹை... ஹை..." என்னும் குரலும் இருட்டில் கேட்கும். வெயில் ஏறுவதற்குள் அரை ஏக்கர் உழுதால் அதிகம். அதற்கு மேல் மாடு தாங்காது. மாடு தாங்காது என்று எல்லோரும் சொல்வார்கள். மனிதன் தாங்குவானா என்று யாரும் கேட்டதாக நமக்கு நினைவில்லை.

இப்போது திரும்பிப் பார்த்தால் அது ஒரு பொற்காலம் போலத் தோன்றுகிறது. ஆனால் அப்படி எழுதிவிட்டால் அது பாதி உண்மைதான். அந்த மூன்று உழவர்களின் தகப்பன்மாரும் பாட்டன்மாரும் பண்ணையாட்களாக இருந்தவர்கள். பண்ணையாட்களைப் பாதுகாக்க 1952-ல் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் ஏறியதே தவிர, வழக்கம் வீட்டை விட்டு உடனே இறங்கிவிடவில்லை. தகப்பனார் வயதுள்ள அந்த மனிதர்களைப் பத்து வயதுப் பையனாகிய நாம் பேர் சொல்லி, ஒருமையில் அழைத்து வந்தோம். அவர்கள் நம்மைச் "சின்னய்யா" என்றார்கள். அது தவறென்று நமக்குச் சொல்லிக் கொடுப்பார் யாருமில்லை.

அவசரம் எங்கிருந்து வந்தது?

மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தது. ஜூன் 12-ந் தேதி அணை திறந்தால் டெல்டாவில் குறுவைக்குத் தண்ணீர் வரும் என்பது பிற்பாடு ஏற்பட்ட ஒரு பஞ்சாங்கம். ஆனாலும் நம் பக்கத்தில் வெகு காலம் வரையில் பெரும்பாலான நிலத்தில் சம்பா ஒரு போகந்தான். ஒரு போகத்துக்கு எருதின் நடை போதுமாயிருந்தது.

1960-க்குப் பிறகு தஞ்சை ஜில்லாவில் தீவிர விவசாயத் திட்டம் நடந்தது. அதையொட்டி ஆடுதுறை ஆராய்ச்சிப் பண்ணையிலிருந்து 'ஆடுதுறை 27' என்னும் குறுகிய கால நெல் வந்தது. ஏறக்குறைய 105 நாளில் கதிர் முற்றிவிடும். இதனால் குறுவை அறுத்த வயலிலேயே தாளடி நடலாம் என்று ஆயிற்று. ஒரு போக நிலம் இரு போக நிலமாகி, பத்தாயம் நிறைந்தது.

ஆனால் இந்தச் சௌபாக்கியத்தில் ஒரு சங்கடமும் ஒளிந்திருந்தது. குறுவை அறுவடைக்கும் தாளடி நடவுக்கும் நடுவே கிடைப்பது சில வாரங்களே. அதற்குள் தாளை மடக்கி உழுது, சேறடித்து, பரம்படித்து, நாற்று நட்டாக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் இளம் பயிர் தண்ணீரில் அழுகிவிடும். எருதுக்கு 105 நாள் நெல்லைப் பற்றி என்ன தெரியும்? அது தன் பழைய நடையையே நடந்தது. இரண்டு தாளடி பிந்திப்போய் நஷ்டம் கண்ட பிறகு, நம் தகப்பனார் டிராக்டர் வாங்குவதென்று தீர்மானித்தார்.

கை குலுக்கிய ஒப்பந்தம்

அவர் வாங்கியது மாஸே பெர்கூஸன் டிராக்டர். இந்தப் பெயரில் உள்ள பெர்கூஸன் யார் என்று பல வருஷங்களுக்குப் பிறகே நாம் தெரிந்துகொண்டோம். ஹாரி பெர்கூஸன் 1884-ல் வட அயர்லாந்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பண்ணை வேலையை விட்டு பெல்பாஸ்டில் தமது சகோதரரின் மோட்டார்ப் பட்டறைக்குப் போனார். 1909-ல் தாமே ஆகாய விமானம் கட்டிப் பறந்தார். பிறகு, விட்டு வந்த வயலுக்கே மனத்தால் திரும்பி வந்தார்.

அந்தக் காலத்து டிராக்டர், கலப்பையை வண்டி போலப் பின்னால் கட்டி இழுத்தது. கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் டிராக்டரின் முன்பக்கம் குதிரை போல் மேலெழும்பி, ஓட்டுபவர் மீதே கவிழ்ந்துவிடுவதுண்டு. பெர்கூஸன் கலப்பையை மூன்று இடத்தில் டிராக்டருடன் பிணைத்தார். கைப்பிடியை அசைத்தால், எண்ணெயின் அழுத்தத்தினால் கலப்பை தானே மேலே ஏறும், கீழே இறங்கும். மண்ணின் இழுப்பே சக்கரத்தைத் தரையில் அழுத்தும். ஆகையால் லேசான டிராக்டரே பெரிய வேலையைச் செய்யும். இன்று உலகமெங்கும் வயல்களில் ஓடும் டிராக்டர்களின் பின்புறத்தைப் பார்த்தால் இந்த மும்முனைப் பிணைப்பு இருப்பதைக் காணலாம்.

1938-ல் அவர் அமெரிக்காவில் ஹென்றி போர்டைச் சந்தித்தார். இருவரும் எழுத்து மூலமான ஒப்பந்தம் எதுவும் செய்துகொள்ளவில்லை; கை குலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அடுத்த வருஷமே டிராக்டர் வெளி வந்தது. பின்னால் போர்டின் பேரன் காலத்தில் அந்த ஏற்பாடு முறிந்தது. பெர்கூஸன் வழக்குத் தொடுத்தார். 1952-ல் அவருக்கு 92½ லட்சம் டாலர் கிடைத்து வழக்கு முடிந்தது. எழுத்தில்லாத வாக்குக்கும் ஒரு விலை உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது. இந்தச் செய்தியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்பி வருவோம்.

பெர்கூஸன் காலமான 1960-ம் வருஷத்திலேயே, சென்னையில் 'டாபே' என்று சுருக்கமாக வழங்கும் டிராக்டர் கம்பெனி ஆரம்பமாயிற்று. அயர்லாந்து விவசாயியின் யோசனை சென்னையில் உருவெடுத்து மன்னார்குடிக்கு வந்து சேர்ந்த வழி இதுதான். அந்நிய தேசத்திலிருந்து டிராக்டரை எதிர்பார்த்து நின்ற இந்தியா, இன்று உலகத்தில் மிக அதிகமாக டிராக்டர் செய்யும் தேசங்களின் முன்னணியில் இருக்கிறது.

யந்திரம் வந்தது

1974-ம் வருஷம் டிராக்டர் நம் வீட்டுக்கு வந்தது. முந்திய வருஷந்தான் உலகமெங்கும் எண்ணெய் விலை ஏறியிருந்தது. நல்ல காரியத்துக்கு நம் தகப்பனார் தேர்ந்தெடுத்த முகூர்த்தங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்! பாங்கியில் கடன், அன்னையாரின் அட்டிகை அடகில், போதாததற்கு மூன்று ஜோடி எருதுகளையும் விற்பதென்று ஏற்பாடு.

முதல் ஜோடி எருது விற்பனையான மூன்றாம் நாள், டிராக்டர் கீழ் வயல் உளையில் இறங்கி அச்சு வரையில் புதைந்துவிட்டது. தென்னங்கட்டை போட்டார்கள், வைக்கோல் போட்டார்கள், ஊரே கூடி யோசனை சொல்லிற்று. சக்கரம் சுற்றச் சுற்ற யந்திரம் கீழேதான் போயிற்று. கடைசியில் நம் வீட்டில் விற்காமல் எஞ்சியிருந்த இரண்டு ஜோடியையும், அண்டை வீட்டு இரண்டு ஜோடியையும் பூட்டி இழுத்துக் கரையேற்றினார்கள். எட்டு மொட்டை மாடுகள் ஒரு டிராக்டரை இழுத்துக்கொண்டு வந்த காட்சியைப் பார்த்து நாம் கை கொட்டிச் சிரித்தோம். தகப்பனார் சிரிக்கவில்லை. உழவர்களும் சிரிக்கவில்லை. மறு மாதம் அந்த இரண்டு ஜோடியும் சந்தைக்குப் போயின.

பிறகு சேற்றுக்கு ஏற்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினார்கள். அப்புறம் அது புதையவில்லை. எருதுகள் பதினைந்து நாளில் செய்ததை நாலைந்து நாளில் செய்தது. அந்த வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னால் ஊரிலேயே முதலில் தாளடி நட்டவர்கள் நாம்தான். அட்டிகை மூன்றாம் வருஷம் திரும்பி வந்தது.

அடுத்த தையில் மாட்டுப் பொங்கல் வந்தபோதுதான் வீட்டில் ஒரு சிக்கல் ஏற்பட்டது. கொட்டிலில் மாடு இல்லை, டிராக்டர் இருந்தது. பாட்டியார் சிறிது நேரம் யோசித்தார். பிறகு அதன் நெற்றியில் மஞ்சள் குங்குமம் இட்டு, நெட்டி மாலை போட்டு, சக்கரத்தின் மேல் மூடியில் வாழை இலை விரித்துப் பொங்கலைப் படைத்தார். "பொங்கலோ பொங்கல்!" என்று நாம் தாம்பாளத்தைத் தட்டினோம். அது தலையை ஆட்டவில்லை. கற்பூரம் அணைந்த பிறகு பாட்டியார் பொங்கலை எடுத்துக்கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

கணக்கில் சேராத கணக்கு

தஞ்சையிலேயே பிறந்த காந்தீயப் பொருளாதார அறிஞர் ஜே. சி. குமரப்பா, டிராக்டருக்கு எதிராக எருதின் கட்சியில் நின்று வாதாடியவர். எருது உழுவதோடு எருவும் தருகிறது. வைக்கோலைத் தின்று வாழ்கிறது. யந்திரமோ எண்ணெய் குடிக்கிறது, எரு தருவதில்லை. இந்த வாதத்தின் பலத்தை நாமே கண்ணாரக் கண்டோம். கொட்டிலில் எருக் குழி வறண்டது. உர மூட்டைச் செலவு வருஷா வருஷம் ஏறிற்று.

ஆனால் குமரப்பாவின் கட்சியே முழுவதும் சரி என்று சொல்லவும் நமக்குத் துணிவில்லை. நாள் முழுவதும் சேற்றில் நடந்து காலில் சேற்றுப்புண் வந்தவர்கள் நாம் அல்லவே! அந்தக் காலை அந்த வேலையிலிருந்து விடுவித்தது டிராக்டர்தான். அதே சமயம், அந்தக் காலுக்கு இருந்த கூலியையும் அதுவே எடுத்துக்கொண்டது. கூலி நெல்லுக்காகத் தஞ்சைச் சீமையில் நடந்த போராட்டங்கள் எவ்வளவு! 1968 டிசம்பர் 25-ந் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்ட கொடுமை, நம் வீட்டுக்கு டிராக்டர் வருவதற்கு ஆறு வருஷம் முன்புதான் நடந்தது. அந்தச் சூழ்நிலையில் வந்த யந்திரத்தை, சாதுவான உழவுக் கருவி என்று மட்டும் எல்லோரும் எண்ணியிருக்க முடியாது.

மூன்று உழவர்களில் இளையவர் டிராக்டர் ஓட்டக் கற்றுக்கொண்டார். மற்ற இருவருக்கும் வேலையில்லை. நம் குடும்பத்துக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் மூன்று தலைமுறையாக எழுத்தில்லாத ஒரு வாக்கு இருந்தது: நீ உழு, நான் கஞ்சி ஊற்றுகிறேன் என்பது. ஹாரி பெர்கூஸனுக்கும் இப்படிப்பட்ட ஒரு வாக்குத்தான் இருந்தது. அது முறிந்தபோது அவருக்கு 92½ லட்சம் டாலர் கிடைத்தது. நம் உழவர்கள் இருவருக்கும் ஆளுக்கு ஒரு மூட்டை நெல்லும், ஒரு வேஷ்டியும் கிடைத்தன. ஒருவர் குடும்பத்துடன் திருப்பூருக்குப் போனார். மற்றவர் வாய்க்கால் வெட்டும் கூலி வேலை செய்து, சில வருஷங்களில் காலமானார். நம் தகப்பனார் டீஸல் செலவைக் கூடத் தேதி போட்டு எழுதிவைத்த கணக்குப் புத்தகம் இன்னும் இருக்கிறது. அதில் இந்தக் கணக்கு மட்டும் எங்கும் காணப்படவில்லை.

'டிரைவர்' சொன்ன பதில்

இளைய உழவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு அவர் முதன் முதலாக டிராக்டரில் உட்கார்ந்த நாளிலிருந்து ஊராருக்கு அவர் 'டிரைவர்' ஆகிவிட்டார். முன்பு பேர் சொல்லி அதட்டிக் கூப்பிட்டவர்கள், தங்கள் வயலுக்கு உழவு வேண்டியபோது, "வாங்க டிரைவர், முதலிலே நம்ம வயலுக்கு வந்துட்டுப் போங்க" என்று நயமாகப் பேசினார்கள். எருதின் பின்னால் நடந்தவருக்குக் கிடைக்காத 'வாங்க' என்னும் சொல், யந்திரத்தின் மேல் உட்கார்ந்தவருக்குக் கிடைத்தது!

பாட்டரி பலவீனமானால் களத்து மேட்டில் நிறுத்திச் சரிவில் உருட்டிக் கிளப்புவது, ஓசையைக் கேட்டே எந்தப் பாகத்தில் கோளாறென்று சொல்வது எல்லாம் அவருக்குக் கைவந்த கலை. 2018 நவம்பரில் 'கஜா' புயல் அடித்து நம் பக்கத்துத் தென்னந்தோப்புகளைச் சாய்த்தபோது, பாதையில் கிடந்த மரங்களைச் சங்கிலி போட்டு இழுத்து ஊருக்கு வழி திறந்தது இந்தப் பழைய டிராக்டர்தான். அதன் பிறகு நம் வீட்டில் பயிரிடுவாரில்லை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டோம். டிராக்டர் கொட்டிலில் நின்றுவிட்டது.

எண்பதை நெருங்கும் அவரிடம் போய் இரும்பு வியாபாரி வந்த சமாசாரத்தைச் சொன்னோம். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார்.

"மாட்டை வித்த அன்னிக்கு எங்களைக் கேக்கலே, தம்பி. இன்னிக்கு இரும்பை விக்கறதுக்குக் கேக்கறீங்க. அது வரைக்கும் காலம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

நாம் தலை குனிந்தோம். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் நமக்குப் பெரிய தண்டனையாயிருந்தது. "பெரியவரே, வண்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், எங்களுக்குப் பணம் வேண்டாம்" என்றோம்.

அவர் உடனே தலையை அசைத்துவிட்டார். "சும்மா வேண்டாம். வியாபாரி என்ன விலை சொன்னாரோ, அதை நான் தர்றேன். பேர் மாத்திக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. இந்தத் தடவை எல்லாம் எழுத்திலே இருக்கட்டும்."

அவருடைய பேரன் தொழிற் பயிற்சிப் பள்ளியில் யந்திர வேலை படித்தவன். நம் நிலத்தில் ஐந்து மாவைக் குத்தகைக்குப் பயிரிடுகிறான். ஒரு வாரம் கொட்டிலிலேயே கிடந்து யந்திரத்தைப் பிரித்துச் சுத்தம் செய்தான். புது எண்ணெய் ஊற்றினான். பாட்டரி மட்டும் இன்னும் வாங்கவில்லை. "பாட்டரி எதுக்குடா? மேட்டுக்குத் தள்ளுங்க" என்றார் பெரியவர்.

தெருவார் சேர்ந்து களத்து மேட்டுக்குத் தள்ளினார்கள். நாமும் ஒரு கை கொடுத்தோம். பெரியவர் ஆசனத்தில் ஏறி உட்கார்ந்தார். சரிவில் உருண்ட யந்திரம் இரண்டு முறை தும்மிற்று. கரும் புகை கக்கிற்று. மூன்றாம் முறை பழைய குரலில் முழங்கத் தொடங்கிற்று. வியாபாரியின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது.

கொட்டில் இப்போது காலியாயிருக்கிறது. அங்கே ஒரு பசுவாவது கட்டவேண்டுமென்று அன்னையார் சொல்லிக்கொண்டிருக்கிறார். நேயர்கள் பலருடைய கிராமத்து வீட்டிலும் இப்படி ஒரு பழைய யந்திரமோ, வண்டியோ, ஏற்றமோ மூலையில் கிடக்கலாம். அதை எடைக்குப் போட வேண்டிய காலமும் வரலாம். தராசைக் கொண்டுவரச் சொல்லும் முன்னால், அதனோடு உழைத்தவர் யாராவது உயிரோடு இருந்தால், அவரைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாருங்கள். கேட்க வேண்டிய காலத்தில் கேட்காமல் இருந்துவிட்ட நாம் சொல்லக் கூடிய யோசனை இது ஒன்றுதான்.